டிஸ்ஃபேஜியாவா, டிஸ்ஃபேசியாவா: குழப்பச் சொல் நோட்டை மூன்று தடவை மாற்றி எழுதிய அனுபவம்

டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்யும் ரிப்போர்ட்டுகளை ஹெட்போனில் கேட்டு அடித்துக் கொடுக்கும் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என் வேலை. பக்கவாதம் வந்தவர் ஒருவரின் டிஸ்சார்ஜ் சம்மரி அது. நான் அடித்து அனுப்பிய மறுநாள், தரம் சரிபார்க்கும் கியூ.ஏ.விடமிருந்து திரும்பி வந்தது. ஒரே ஒரு எழுத்தைச் சிவப்பாக்கியிருந்தார்கள். 'ஜி' வரவேண்டிய இடத்தில் 'எஸ்' அடித்திருந்தேன். அதனால் டிஸ்ஃபேஜியா டிஸ்ஃபேசியா ஆகிவிட்டது. முன்னது விழுங்குவதில் சிரமம், பின்னது பேச்சில் சிரமம். விழுங்க முடியாதவருக்கு வெறும் தண்ணீரைக் கொடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடலாம். ஸ்பெல்லிங் பிழை என்று சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை.

எனக்கு உறைத்தது வேறொன்று. அந்தச் சொல்லுக்கு அடுத்த வரியிலேயே, திரவங்களைக் கெட்டியாக்கிக் கொடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வரியையும் நான்தான் அடித்திருந்தேன். கெட்டியாக்கிய திரவம் பேச்சுக் கோளாறுக்குக் கொடுப்பதல்ல என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு சொற்களுக்கும் அர்த்தம் தெரிந்திருந்தும், பதில் கண்ணெதிரே இருந்தும், தவறாக அடித்தேன். காரணம், அந்த இடத்தில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. காதில் விழுந்தது தெளிவாக இருந்தது, ஆனால் தப்பாக இருந்தது.

அன்றைக்குத்தான் ஒரு குழப்பச் சொல் நோட்டு போடுவது என்று உட்கார்ந்தேன். இப்போது கையில் இருப்பது அதன் மூன்றாவது வடிவம். முதல் இரண்டும் எதனால் உதவவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். இந்த வேலைக்கு வருகிற எல்லோரும் அந்த இரண்டையும்தான் முதலில் செய்து பார்க்கிறார்கள்.

முதல் வடிவம் அகரவரிசைப் பட்டியல். ஒலி ஒத்த சொற்களை இரண்டிரண்டாக எழுதி, எதிரே அர்த்தம். ஆரம்பத்தில் உச்சரிப்பு மறக்காமல் இருக்கட்டும் என்று தமிழிலேயே எழுதினேன். ஒரு வாரத்தில் மாட்டிக்கொண்டேன். சிறுகுடலின் கடைசிப் பகுதியும் இலியம், இடுப்பெலும்பும் இலியம். ஆங்கிலத்தில் நடுவில் 'இ' எழுத்து வந்தால் குடல், 'ஐ' எழுத்து வந்தால் எலும்பு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். வாய்வழி என்பதும் காது சார்ந்தது என்பதும் 'ஓரல்' என்றே வந்து நின்றன. சரி என்று ஆங்கிலத்துக்கே மாறினேன். வேறுபடும் எழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தில் எழுதினேன். மருந்துப் பெயர்களைப் பிரித்துக் காட்ட மருந்தகங்களில் பயன்படும் டால்மேன் முறை அது. ஹைட்ராலசீன், ஹைட்ராக்சிசீன் இரண்டையும் அப்படி எழுதிப் பார்த்தால் நடுப்பகுதி மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். கண்ணுக்கு நல்ல உதவி.

பட்டியல் நானூறு ஜோடிகளைத் தாண்டியது. பார்க்க லட்சணமாக இருந்தது, பயன்தான் இல்லை. நோட்டைப் புரட்டவேண்டுமென்றால் முதலில் சந்தேகம் வரவேண்டும். சந்தேகம் வந்தால் எப்படியும் தேடிச் சரிசெய்துவிடுவோம். என்னைக் கவிழ்த்தது சந்தேகம் வராத சொற்கள். அவற்றுக்காக யாரும் அகராதியைத் திறப்பதில்லை.

அதனால் இரண்டாவது வடிவம். நானூறு ஜோடிகளையும் ஒரு வேர்ட் மேக்ரோவில் போட்டேன். ரிப்போர்ட் அடித்து முடித்ததும் ஒரு விசையைத் தட்டினால், பட்டியலில் உள்ள சொல் வரும் இடமெல்லாம் மஞ்சளாகும். எனக்கு வராத சந்தேகத்தை அது எழுப்பும் என்று கணக்கு. முதல் நாள் ஓட்டியபோது பக்கம் முழுக்க மஞ்சள் தெளித்த மாதிரி இருந்தது. இரண்டு நாள் ஒவ்வொன்றாக நின்று பார்த்தேன். மூன்றாம் நாள் கண் தானாகவே தாண்டிப் போக ஆரம்பித்துவிட்டது.

குறைத்தாகவேண்டும். எதை எடுப்பது, எதை வைப்பது? இரண்டு கேள்விகள் வைத்துக்கொண்டேன். ஜோடியில் உள்ள இரண்டு சொற்களும் ஒரே மாதிரியான ரிப்போர்ட்டில் வர வாய்ப்பு உண்டா? மாறிப்போனால் சிகிச்சை மாறுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டும் மஞ்சள். மேற்கை எலும்பான ஹியூமரஸும் நகைச்சுவையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ஒரே ஒலி என்பார்கள். ஆனால் எலும்பு முறிவு ரிப்போர்ட்டில் நகைச்சுவைக்கு இடமில்லை, ஆகவே அது வெளியே. மியூகஸ் என்ற ஒலிக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் உண்டு, சளி என்ற பெயர்ச்சொல்லுக்கு ஒன்று, சளிச்சவ்வு என்னும்போது வரும் பெயரடைக்கு வேறு. மாறினால் கியூ.ஏ. மதிப்பெண் குறையும், நோயாளிக்கு ஒன்றும் ஆகாது. இப்படி எப்போதும் ஒரே தொடரில் வருபவற்றை ஆட்டோகரெக்டில் முழுத்தொடராகப் போட்டுவிட்டேன். கணினி பார்த்துக்கொள்ளட்டும்.

நானூறு ஏறக்குறைய எழுபதானது. மஞ்சள் குறைந்தது, கண்ணும் நின்று பார்த்தது. ஆனால் பார்த்து என்ன செய்வது? டிஸ்ஃபேஜியா மஞ்சளாக இருக்கிறது. நான் கேட்டது அதுதான் என்று மனம் சொல்கிறது. ஆடியோவை மறுபடி ஓட்டினாலும் அதே ஒலிதான் வரும், அதே காதுதான் கேட்கும். அர்த்தம் எழுதிய நோட்டும் அந்த இடத்தில் பேசாமல் இருந்தது.

மூன்றாவது வடிவத்தில் அர்த்தத்தை நீக்கிவிட்டு, எதிரே சாட்சிகளை எழுதினேன். இந்தச் சொல் உண்மையென்றால் இதே ரிப்போர்ட்டில் வேறு என்னவெல்லாம் இருக்கவேண்டும் என்ற கேள்விக்கான பதில்கள் அவை. சில வரிகளைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

யூரெட்டர், யூரித்ரா. சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாய் ஒன்று, பையிலிருந்து வெளியேறும் குழாய் மற்றது. கல், ஸ்டென்ட், சிறுநீரக வீக்கம் என்றெல்லாம் எழுதி வைத்திருந்தேன். பிற்பாடுதான் இவற்றை விட எளிய சாட்சி ஒன்று கண்ணில் பட்டது. யூரெட்டர் இரண்டு, யூரித்ரா ஒன்று. டாக்டர் இடது அல்லது வலது என்று சொன்னால் அது யூரெட்டர்தான். ஸ்ட்ரிக்சர் என்ற சொல்லை வைத்து முடிவுசெய்யக் கூடாது, இரண்டிலும் சுருக்கம் வரும்.

அப்டக்ஷன், அடக்ஷன். உடலிலிருந்து விலக்குவது, உடலை நோக்கிக் கொண்டுவருவது. நல்ல டாக்டர்கள் 'ஏ-பி-டக்ஷன்', 'ஏ-டி-டக்ஷன்' என்று எழுத்தைப் பிரித்தே சொல்வார்கள், கையெடுத்துக் கும்பிடலாம். மற்றவர்களுக்கு டிகிரிதான் சாட்சி. தோள் 150 டிகிரி போகிறது என்றால் அது அப்டக்ஷன். எதிர்த்திசையில் அவ்வளவு தூரம் போக உடம்பே இடம் கொடுக்காது.

ஹைப்பர், ஹைப்போ. இயல்பை விட அதிகம், இயல்பை விடக் குறைவு. இதற்கு ரத்தப் பரிசோதனை எண்ணே போதும். பொட்டாசியம் ஏறத்தாழ 3.5 முதல் 5 வரை இருந்தால் இயல்பு. 2.9 என்று வந்தால் ஹைப்போகலீமியா, அதாவது பொட்டாசியம் குறைவு.

ஆர்.ஏ. என்ற இரண்டெழுத்து. ஆக்சிஜன் அளவுக்குப் பின்னால் வந்தால் ரூம் ஏர், இதய ஸ்கேனான எக்கோ ரிப்போர்ட்டில் வந்தால் வலது ஏட்ரியம் என்ற இதய மேலறை, மூட்டு வலியும் மெத்தோட்ரெக்சேட்டும் பக்கத்தில் இருந்தால் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். எம்.எஸ். இதை விட மோசம். மல்ட்டிப்பிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நரம்பு நோய், மைட்ரல் ஸ்டெனோசிஸ் என்ற இதய வால்வுச் சுருக்கம், மார்ஃபின் சல்ஃபேட் என்ற வலி மருந்து மூன்றும் அதே இரண்டெழுத்துதான். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் கொண்டுவந்த 'பயன்படுத்தக் கூடாதவை' பட்டியலில் மார்ஃபினுக்கு இந்தச் சுருக்கம் இருப்பதில் ஆச்சரியமே இல்லை.

இப்படி எழுதிக்கொண்டு போனபோது நோட்டு பலித்துவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம்தான் பொய்ச்சாட்சிகள் வர ஆரம்பித்தன.

முதலில் சிக்கியது இலியம். குடல், கொலனோஸ்கோப்பி, வயிற்றுவலி என்று இருந்தால் 'இ' எழுத்து, இடுப்பு, எலும்பு, ஒட்டு என்று இருந்தால் 'ஐ' எழுத்து என்று பெருமையாக எழுதி வைத்திருந்தேன். குடல்வால் அழற்சி ரிப்போர்ட் ஒன்று வந்தது. வலி வலது இலியாக் ஃபாசாவில், அதாவது அடிவயிற்றின் வலப்பக்கத்தில். வயிற்றுவலி ரிப்போர்ட்தானே என்று 'இ' போட்டேன். தப்பு. வலி குடலில் இருக்கலாம், ஆனால் அந்த இடத்தின் பெயர் எலும்பிலிருந்து வந்தது. சாட்சி எழுதும்போது ரிப்போர்ட் எதைப் பற்றியது என்று பார்த்தால் போதாது, அந்தச் சொல் எதோடு ஒட்டி நிற்கிறது என்றும் பார்க்கவேண்டும். 'டெர்மினல்' முன்னால் நின்றால் குடல். 'ஃபாசா', 'கிரெஸ்ட்' பின்னால் வந்தால் எலும்பு.

அடுத்தது பெரினியல், பெரோனியல். முன்னது மலவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடைப்பட்ட பகுதி. பின்னது காலில் வெளிப்பக்கம். பெரோனியல் நரம்பு பாதிக்கப்பட்டால் பாதம் தொங்கிப்போகும். 'நரம்பு என்று வந்தால் பெரோனியல்' என்று நோட்டில் இருந்தது. ஆனால் பெரினியல் நரம்பு என்றே ஒன்று உண்டு, புடெண்டல் நரம்பின் கிளை. அந்த வரியை நீக்கிவிட்டு, கணுக்கால், ஃபிபுலா, தொங்கு பாதம் ஒரு பக்கம், பிரசவம், தையல், புராஸ்டேட் மறுபக்கம் என்று மாற்றினேன். 1998-இல் வெளியான டெர்மினோலோஜியா அனாட்டமிகா என்ற உடற்கூறியல் சொற்பட்டியல் பெரோனியலுக்குப் பதில் ஃபிபுலர் என்பதை முன்னே வைக்கிறது. அதைச் சொல்லிப் பழகினால் பாதிக் குழப்பம் போய்விடும். என் ஹெட்போனில் இன்னும் பெரோனியல்தான் வந்துகொண்டிருக்கிறது.

மருந்துகளில் பொய்ச்சாட்சி அதிகம். காரணம் அளவு. மருந்துப் பெயர் சந்தேகமென்றால் மில்லிகிராமைப் பார் என்று எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். நானும் அதையே எழுதி வைத்திருந்தேன். ஆனால் மெட்ஃபார்மினும் 500, மெட்ரோனிடசோலும் 500. ஹைட்ராலசீனும் ஹைட்ராக்சிசீனும் 10, 25, 50 என்று ஒரே அளவுகளில் வருகின்றன. ஒன்று ரத்த அழுத்தத்துக்கு, மற்றது அரிப்புக்கு. லாசிக்ஸ் என்ற நீர்பிரிப்பு மருந்தும் லோசெக் என்ற அமில மருந்தும் அமெரிக்காவில் குழம்பிக் குழம்பி, 1990-இல் லோசெக்கின் பெயரையே பிரிலோசெக் என்று மாற்றினார்கள். அந்த இரண்டுக்கும் 20, 40 மில்லிகிராம் அளவுகள் பொது. பிரின்டெல்லிக்ஸ் என்ற மனச்சோர்வு மருந்துக்கும் அதே கதி. ரத்தம் உறையாமல் தடுக்கும் பிரிலின்டாவோடு குழம்பியதால் 2016-இல் ட்ரின்டெல்லிக்ஸ் ஆனது. மருந்து எழுதுகிற டாக்டரும் எடுத்துக்கொடுக்கிற ஃபார்மசிஸ்டுமே தடுமாறும்போது, ஹெட்போனில் மட்டும் கேட்கிற நமக்கு வெறும் எண் எப்படிப் போதும்?

அதனால் மருந்துக்கு நோயையும் காலத்தையும் சாட்சியாக வைத்தேன். மெட்ரோனிடசோல் தொற்றுக்கானது, பெரும்பாலும் 'ஏழு நாள்' 'பத்து நாள்' என்று கெடு இருக்கும். மெட்ஃபார்மினுக்குக் கெடு வராது, ரிப்போர்ட்டில் எங்காவது சர்க்கரை இருக்கும். செலிப்ரெக்ஸ் என்றால் மூட்டு வலி, செலெக்சா என்றால் மனச்சோர்வு, செரிபிக்ஸ் என்றால் வலிப்பு. லாமிக்டலும் வலிப்புக்கு, லாமிசில் நகப் பூஞ்சைக்கு.

எண்களைப் பற்றித் தனியாகப் பக்கம் போட்டு, இரண்டு வரியில் நிறுத்திவிட்டேன். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் காதில் பிரியாவிட்டால் மாத்திரை அந்த அளவில் உண்டா என்று பார்க்கலாம். ஆனால் பிரெட்னிசோன் 15-உம் கொடுப்பார்கள், 50-உம் கொடுப்பார்கள். அங்கே சாட்சி கிடையாது, இடத்தை வெற்றாக விடும் பிளாங்க்தான். இன்னொன்று, லெவோதைராக்சின் 50 மில்லிகிராம் என்று டாக்டரே வாய் தவறிச் சொல்வதுண்டு. அது மைக்ரோகிராமில் கொடுக்கும் மருந்து, ஆயிரம் மடங்கு வித்தியாசம். தெரிந்தாலும் நானாகத் திருத்துவதில்லை, டாக்டர் பார்ப்பதற்காகக் குறிப்பு எழுதி ஃபிளாக் போடுகிறேன். மருத்துவ விஷயத்தில் டாக்டர் சொன்னதை மாற்ற எனக்கு உரிமை இல்லை, சுட்டிக்காட்ட மட்டும் உண்டு.

நோட்டுக்கு வெளியே இன்னொரு ஓட்டையும் இருந்தது. என் டெக்ஸ்ட் எக்ஸ்பேண்டர், அதாவது சில எழுத்து அடித்தால் முழுச்சொல்லாக விரிக்கும் மென்பொருள். ஹைப்பர்டென்ஷனுக்கும் ஹைப்போடென்ஷனுக்கும் ஒரே ஒரு எழுத்து மட்டும் மாறும்படி சுருக்கு வைத்திருந்தேன். காது சரியாகக் கேட்டது, விரல் பக்கத்து விசையில் விழுந்தது, திரையில் நேரெதிர்ச் சொல் முழுதாக, ஒரு ஸ்பெல்லிங் பிழையும் இல்லாமல் விரிந்தது. முழுச்சொல்லைக் கையால் அடித்திருந்தால் பிழை பிழையாகத் தெரிந்திருக்கும். இப்போது எதிரெதிர் அர்த்தமுள்ள சொற்களுக்கு நான் சுருக்கே வைப்பதில்லை. ஒரு நாளில் சில நிமிஷம் கூடுதலாகப் போகும், போகட்டும். இயல்பான வயிற்றுப் பரிசோதனைக்கு வைத்திருந்த டெம்ப்ளேட்டையும் தூக்கினேன். மண்ணீரல் தட்டுப்படுகிறது என்று டாக்டர் சொல்ல, அதற்கு மேல்வரியில் 'கல்லீரல், மண்ணீரல் வீக்கம் இல்லை' என்று என் டெம்ப்ளேட் சொல்லிக்கொண்டிருந்தது. அதையும் கியூ.ஏ.தான் பிடித்தார்கள்.

கேட்பதற்கு ஒரு விதி வைத்தேன், மூன்று தடவைதான். முதல் தடவை சாதாரண வேகம், இரண்டாவது கொஞ்சம் மெதுவாக, மூன்றாவது ஒரு வாக்கியம் முன்னாலிருந்து. அதற்கு மேல் ஆடியோவை ஓட்டும் பெடலை மிதித்துக்கொண்டே இருந்தால் காது கேட்பதை விட்டுவிட்டுக் கற்பனை செய்ய ஆரம்பிக்கும். பத்தாவது தடவை எனக்கு எந்தச் சொல் வேண்டுமோ அதுவே கேட்டுவிடுகிறது. பிளாங்க் விட்டு, நேரத்தைக் குறித்து, மேலே போய்விடுவேன். ஆரம்பத்தில் முழுங்கிய அதே சொல்லை டாக்டர்கள் பலர் கடைசி அசெஸ்மென்ட்டில் தெளிவாகச் சொல்லிவிடுவார்கள்.

ஆட்களின் பெயரில் வரும் சொற்களுக்குச் சாட்சி தேடவேண்டியதில்லை, வரலாறு தெரிந்தால் போதும். மணிக்கட்டு முறிவைக் காலிஸ் ஃபிராக்சர் என்பார்கள். 'காலி என்பவருடைய' என்று நினைத்து எஸ்-க்கு முன்னால் மேற்புள்ளி வைத்து ரொம்ப நாள் அடித்திருக்கிறேன். 1814-இல் அதை விவரித்த அயர்லாந்து மருத்துவர் ஆபிரகாம் காலிஸ். அந்த எஸ் அவர் பெயரிலேயே உள்ளது. கெண்டைக்கால் ரத்தக் கட்டிக்குப் பார்க்கும் ஹோமன்ஸ் சைனும் அப்படித்தான்.

இப்போது பெரும்பாலும் பேச்சுணரி மென்பொருள் அடித்த வரைவைத்தான் திருத்துகிறேன். வேலை குறைந்தது என்று வெளியில் சொல்கிறார்கள். எனக்கு அந்த நோட்டு முன்னை விட அதிகமாகத் தேவைப்படுகிறது. மனுஷர் சந்தேகம் வந்தால் பிளாங்க் விடுவார். இயந்திரம் எதையாவது எழுதிவிடும், எழுதியது அழகாகவும் இருக்கும். 'ஏஃபெப்ரைல்' என்றால் காய்ச்சல் இல்லை. முன்னால் உள்ள 'ஏ'யைத் தனியாகப் பிரித்துவிட்டால் காய்ச்சல் உள்ள ஒருவர் ஆகிவிடுவார். ஏஃபெப்ரைல், ஏசிம்ப்டமேட்டிக் (அறிகுறி இல்லாத), ஏடிபிக்கல் (வழக்கத்துக்கு மாறான) மூன்றிலும் ஓர் இடைவெளி விழுந்தால் அர்த்தம் தலைகீழ். ஸ்பெல்செக் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். என் மேக்ரோவும் ஏற்றுக்கொண்டது, ஏனென்றால் அதில் சொற்கள் இருந்தன, இடைவெளிகள் இல்லை. பிரிந்த வடிவங்களையும் பட்டியலில் சேர்த்தபின் ஓரளவு பிடிக்கிறது. காய்ச்சலுக்குச் சாட்சி வைட்டல்ஸ் வரியில் உள்ள வெப்பநிலை. 'நோ' என்ற ஒற்றைச் சொல் விழுந்துபோவதுதான் இன்னும் தலைவலி. இல்லாத சொல்லை மஞ்சளாக்க முடியாதே. அதற்கு ஆடியோவைக் கேட்டுக்கொண்டே படிப்பது தவிர வழி தெரியவில்லை.

நோட்டின் எதிர்பாராத பலன் ஃபிளாக்குகளில் கிடைத்தது. முன்பு 'சொல் தெளிவாக இல்லை' என்று மட்டும் எழுதுவேன். பதில் வர நாளாகும், சிலநேரம் வராது. இப்போது நேரம், கேட்ட ஒலி, இரண்டு சாத்தியங்கள், கூடவே சாட்சி: '2:14, பெரினியல் அல்லது பெரோனியல், கீழே தொங்கு பாதம் என்று உள்ளது'. படித்ததும் ஒரு சொல்லில் பதில் சொல்லலாம். சொல்கிறார்கள்.

போன வாரம் மறுபடியும் ஒரு பக்கவாத ரிப்போர்ட். வரைவில் டிஸ்ஃபேஜியா என்ற சொல் அடுத்தடுத்து இரண்டு முறை விழுந்திருந்தது. டாக்டர் ஒரே சொல்லைத் திருப்பிச் சொல்லிவிட்டார் போல என்று ஒன்றை அழிக்கக் கை போயிற்று. மேக்ரோ இரண்டையும் மஞ்சளாக்கியது. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கீழே படித்தேன். விழுங்கு பரிசோதனை, கெட்டியாக்கிய திரவம். அதற்கு இரண்டு வரி தள்ளி, காட்டிய பொருள்களுக்குப் பெயர் சொல்ல முடியவில்லை, சொன்னதைத் திருப்பிச் சொல்ல முடியவில்லை. இரண்டு சொல்லுக்கும் சாட்சி இருந்தது. ஆடியோவை ஒரு வாக்கியம் முன்னாலிருந்து ஓட்டினேன். இந்த முறை இரண்டாவதில் அந்த 'எஸ்' மெலிசாகக் கேட்ட மாதிரி இருந்தது. கேட்டதா, கேட்கவேண்டும் என்று நினைத்ததால் கேட்டதா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஒன்றை ஜி-யாக விட்டு, மற்றதை எஸ் ஆக்கி, சாட்சிகளையும் எழுதி ஃபிளாக் போட்டு அனுப்பினேன். மாலையில் 'இரண்டும் உண்டு' என்று பதில் வந்தது.